அடைக்கல நகரம் எங்கே?

பழைய ஏற்பாட்டுச் சட்டங்களுள் நம் உள்ளத்தை ஆழமாகத் தொடும் ஒன்று அடைக்கல நகரங்களைப் பற்றியது. தவறுதலாக ஒருவரைக் கொன்றுவிட்டவன் பழிவாங்குவோரிடமிருந்து தப்பி ஓடிவந்து வாழும்பொருட்டு ஆறு நகரங்கள் ஒதுக்கப்பட்டன. யோர்தானுக்கு இப்பால் மூன்று, அப்பால் மூன்று. எண்ணிக்கை நூலும் யோசுவா நூலும் இதனை விரித்துரைக்கின்றன. இணைச்சட்ட நூலோ அந்நகரங்களுக்குச் செல்லும் வழிகளையும் செம்மைப்படுத்தப் பணிக்கிறது. சந்திகளில் வழிகாட்டும் அடையாளங்களும் நாட்டப்பட்டிருந்தன என்பது யூத மரபு தரும் செய்தி. ஓடிவருபவன் வழி கேட்டு நிற்கும் நேரத்தில் மடிந்துவிடக் கூடாது என்ற பரிவே அதன் காரணம்.

உயிர்க்கொலை நிகழ்ந்துவிட்ட கைகளுக்கே இத்தகைய பரிவு காட்டப்பட்டது. அப்படியானால், எக்குற்றமும் செய்யாமல், தான் நம்பிய ஒன்றை இனி நம்ப இயலாது என்று வெளியேறி வருபவர் எங்கே போவார்? எந்த ஊரில் குடியிருப்பார்? யார் அவரோடு பேசுவார்? இக்கேள்வியை நம் காலத்தில் கூர்மையாக எழுப்பியவர்கள் சயன்டாலஜி என்னும் அமைப்பை விட்டு வெளியேறியவர்கள். அவர்களுடைய வரலாறு நமக்குத் தொலைவானதுதான். ஆயினும் அது நம் முன் ஒரு கண்ணாடியையும் நிறுத்துகிறது.

சயன்டாலஜியின் நிறுவனர் எல். ரான் ஹப்பர்ட் 1911 இல் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் பிறந்தவர். விந்தைக் கதைகள் எழுதிப் பெயர் பெற்றவர். 1950 இல் அவர் வெளியிட்ட 'டயனெட்டிக்ஸ்' என்ற நூல் மனக்காயங்களை ஆற்றும் முறையொன்றைத் தருவதாகக் கூறி இலட்சக்கணக்கானோரை ஈர்த்தது. பின்னர் அதுவே சமய வடிவம் பெற்றது. 1953 இறுதியில் நியூ ஜெர்சியிலும், 1954 இல் லாஸ் ஏஞ்சல்ஸிலும் அது சபையாகப் பதிவாயிற்று. ஒருவர் கேள்வி கேட்க, மற்றவர் ஈ-மீட்டர் என்னும் கருவியின் உருளைகளைக் கையில் பற்றிக்கொண்டு தம் வாழ்வின் மறைவான நினைவுகளை எல்லாம் எடுத்துரைப்பது அதன் முக்கிய வழிமுறை. படிப்படியாக மேலேறும் இப்பயிற்சிகளுக்குக் கட்டணம் உண்டு. மேல்நிலைகளை எட்டுவதற்குள் பெருஞ்செல்வம் கரைந்துவிட்டதாக வெளியேறியோர் பலர் எழுதியிருக்கின்றனர்.

1959 இல் ஹப்பர்ட் இங்கிலாந்தின் ஈஸ்ட் கிரின்ஸ்டெட் நகருக்கு அருகே செயின்ட் ஹில் மாளிகையை வாங்கிக் குடியேறினார். 1967 இல் கடலுக்குச் சென்றார். கப்பல்களில் வாழ்ந்த நெருங்கிய தொண்டர்களைக் கொண்டு 'கடல் அமைப்பு' என்ற துறவியர் குழு போன்றதோர் அணியை உருவாக்கினார். அதில் சேர்வோர் நூறு கோடி ஆண்டுகள் பணிபுரிவதாக உறுதிப் பத்திரத்தில் கையொப்பமிடுவர். பிறவிகள் பல உண்டு என்பது அவர்கள் கொள்கை. 1975 இல் இவ்வணி கரையேறியது. ஃபுளோரிடாவின் கிளியர்வாட்டர் நகரில் ஃபோர்ட் ஹாரிசன் என்னும் பழம்பெரும் விடுதி வேறொரு பெயரில் வாங்கப்பட்டது. வாங்கியவர் யார் என்பது ஊராருக்குப் பின்னரே தெரிந்தது. இவ்வாறு கிளியர்வாட்டர், லாஸ் ஏஞ்சல்ஸ், ஈஸ்ட் கிரின்ஸ்டெட் ஆகிய ஊர்களைச் சுற்றி ஒரு மக்கட்கூட்டம் வளர்ந்தது. அவர்கள் ஒருவரையொருவர் மணந்துகொண்டனர். ஒருவர் நிறுவனத்தில் மற்றவர் வேலை பார்த்தனர். தம் பிள்ளைகளைத் தம் கொள்கை தழுவிய பள்ளிகளுக்கே அனுப்பினர்.

இங்கேதான் நாம் கருதும் துயரம் தொடங்குகிறது. 1965 இல் ஹப்பர்ட் வகுத்த விதிகளின்படி, அமைப்பை எதிர்ப்பவர் 'ஒடுக்குபவர்' என்று அறிவிக்கப்படுவார். உறுப்பினர்கள் அவரோடு உறவைத் துண்டித்துக்கொள்ள வேண்டும். தாயாயினும் மகனாயினும் விலக்கில்லை. பல நாடுகளில் கண்டனம் எழவே, 1968 இல் இவ்வழக்கம் கைவிடப்படுவதாக அறிவிக்கப்பட்டது. 1983 இல் மீண்டும் நடைமுறைக்கு வந்தது. எவரையும் தாம் கட்டாயப்படுத்துவதில்லை என்றும், யாரோடு உறவாடுவது என்பது அவரவர் உரிமை என்றும் அமைப்பினர் விளக்கம் தருகின்றனர். ஆனால் வெளியேறியவர்களின் சான்றுகள் வேறு விதமாகப் பேசுகின்றன. உறவைத் துண்டிக்க மறுத்தால் தானும் துண்டிக்கப்படுவோம் என்று அஞ்சும் மகளின் முடிவை உரிமை என்று சொல்லத் தயங்குகிறோம்.

நீதியின் பொருட்டு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இவ்வமைப்பும் அரசுகளின் கடுமைக்கு ஆளானதுண்டு. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 1965 இல் அதனைத் தடைசெய்தது. பிரிட்டன் 1968 இல் அதன் வெளிநாட்டு மாணவர்கள் நாட்டுக்குள் வருவதைத் தடுத்தது. அத்தடை 1980 இல்தான் நீங்கியது. ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் 1983 இல் அதனைச் சமயமாக ஏற்றுத் தீர்ப்பளித்தது. அமெரிக்க அரசு 1993 இல் வரிவிலக்கு வழங்கியது. ஒருவர் தம் மனச்சான்றின்படி எதனையும் நம்ப உரிமையுடையவர் என்பதை இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 டிசம்பரில் வெளியிட்ட சமய விடுதலை பற்றிய அறிக்கையில் நாமும் ஏற்றோம். நம்ப உரிமை உண்டென்றால், நம்பாமல் வெளியேறவும் உரிமை உண்டல்லவா?

1982 முதல் 1984 வரையிலான காலத்தில் பெரும் வெளியேற்றம் ஒன்று நிகழ்ந்தது. புதிய நிர்வாகத்தின் கடுமை தாங்காமல் பழைய தொண்டர்கள் பலர் விலகினர், பலர் விலக்கப்பட்டனர். விலகியோர் முதலில் செய்தது என்ன? ஒருவரையொருவர் தேடினர். ஹப்பர்ட்டுக்கே ஆன்மிக வழிகாட்டியாயிருந்த நியூசிலாந்துக்காரர் டேவிட் மேயோ, 1983 இல் கலிஃபோர்னியாவின் சாண்டா பார்பராவில் தனி மையம் ஒன்றைத் திறந்தார். நண்பர்களை இழந்திருந்தவர்கள் அங்கே மீண்டும் நண்பர்களைக் கண்டனர். அதே காலத்தில் ஸ்காட்லாந்தின் மலைச்சாரலில் கேண்டகிரெய்க் என்ற மாளிகையிலும் அத்தகைய குழுவொன்று கூடியது. ஆனால் இப்புகலிடங்கள் நிலைக்கவில்லை. சாண்டா பார்பரா மையம் வழக்குகளின் சுமையால் சில ஆண்டுகளில் மூடப்பட்டது; கேண்டகிரெய்க் மாளிகையும் கைமாறியது. பழைய வீட்டின் சாயலிலேயே புதிய வீட்டைக் கட்ட முயன்றவர்களின் முதல் அனுபவம் இது.

1986 இல் ஹப்பர்ட் இறந்தபின் டேவிட் மிஸ்காவிஜ் தலைமைக்கு வந்தார். புதிய நூற்றாண்டில் இன்னொரு வெளியேற்றம் நிகழ்ந்தது. அவ்வலையில் வந்த இருவரைச் சான்றாகக் கொள்வோம்.

முதலாமவர் மைக் ரிண்டர். ஆஸ்திரேலியாவில் வளர்ந்து, இளமையிலேயே கடல் அமைப்பில் சேர்ந்து, பல்லாண்டுகள் சயன்டாலஜியின் அதிகாரபூர்வப் பேச்சாளராக விளங்கியவர். 2007 இல் இலண்டனில் அமைப்பை விட்டு நீங்கினார். மனைவியும் பிள்ளைகளும் உள்ளேயே நின்று உறவைத் துண்டித்தனர். சிறிது காலம் டென்வர் நகரில் கார் விற்கும் வேலை பார்த்தார். உலகின் எந்த மூலைக்கும் போயிருக்கலாம். ஆயினும் கிளியர்வாட்டர் அமைந்துள்ள வட்டாரத்துக்கே திரும்பி வந்து, அங்கே புதிய குடும்பம் அமைத்து, 2025 ஜனவரியில் காலமானார்.

இரண்டாமவர் ரான் மிஸ்காவிஜ். தலைவர் டேவிட் மிஸ்காவிஜின் தந்தை அவர், இசைக்கலைஞர். கலிஃபோர்னியாப் பாலைவனத்தருகே உள்ள அமைப்பின் தலைமை வளாகத்திலிருந்து 2012 இல், தம் 76 ஆம் வயதில், மனைவியோடு காரில் வெளியேறினார். பின்னர் வெகு தொலைவில், வடக்கே விஸ்கான்சின் மாநிலத்தில் குடியேறினார். 2016 இல் தம் கதையை நூலாக எழுதினார். மகள்மாரும் தம்மோடு பேசுவதை நிறுத்திவிட்டதை அதில் குறிப்பிட்டார். 2021 இல் இறந்தார்.

ஒருவர் இழந்தவற்றின் அருகிலேயே வாழ்ந்தார். மற்றவர் தொலைவில் வாழ்ந்தார். வெளியேறியோர் மீண்டும் சந்திக்கும்போதெல்லாம் இந்த இரு வழிகளே அவர்கள் உரையாடலில் எழுகின்றன. பழைய ஊரிலேயே தங்கினால் கடைத்தெருவில் மகன் எதிர்ப்படக் கூடும். ஆனால் அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு மறுபக்கம் நடந்துவிடவும் கூடும். தொலைவூருக்குப் போனால் அந்த அவமானமில்லை. ஆனால் அவன் மனம் மாறித் தேடி வரும் நாளில் கதவைத் திறக்க யார் இருப்பார்? உறைபனி நாடா, கடற்கரையா, வாடகை எவ்வளவு, வேலை கிடைக்குமா என்று தொடங்கும் பேச்சு இறுதியில் இங்கேதான் வந்து முடிகிறது. எங்கே வாழலாம் என்று அவர்கள் கேட்பதன் உட்பொருள், யாருக்கு அருகில் வாழலாம் என்பதே.

வாழ்க்கைப்பாட்டின் சிக்கலும் சிறிதன்று. கடல் அமைப்பில் இருபது முப்பது ஆண்டுகள் உழைத்தவரிடம் சேமிப்பு இல்லை. ஊதியமாகக் கிடைத்தது கைச்செலவுக்கான சிறு தொகையே. பணியின்போது இலவசமாகப் பெற்ற பயிற்சிகளுக்கு விலை கணக்கிட்டு, வெளியேறும்போது கடன் சீட்டும் கொடுக்கப்படும். வங்கிக் கணக்கு தொடங்குவதும் வாடகை வீடு பிடிப்பதும் ஐம்பது வயதில் புதிதாய்க் கற்க வேண்டிய பாடங்கள். முன்னரே வெளியேறியவர்கள் தம் வீட்டின் ஓர் அறையை இவர்களுக்குத் திறந்துவிட்டனர். தாம் பயன்படுத்திய சொற்களின் பொருள் விளக்காமலேயே விளங்கும் ஒருவர் எதிரே அமர்ந்திருப்பது பெரும் ஆறுதல் அல்லவா? இஸ்ரயேலின் அடைக்கல நகரங்களைச் சட்டம் நிறுவியது. இவர்களுக்கோ ஒருவர் மற்றவருக்கு அடைக்கல நகரமாயினர்.

அன்பார்ந்த வாசகரே, இதுவரை படித்தபோது, இத்தகைய கொடுமை நம்மிடையே இல்லை என்று உள்ளம் ஆறுதல் கொண்டிருக்கலாம். சற்றே நிதானிப்போம். 1917 ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பில், 'விலக்கி வைக்கப்பட வேண்டியவர்' என்ற கடும் தண்டனைக்கு உட்பட்டோருடன் உலக அலுவல்களில் கூட உறவாடலாகாது என்ற விதி இருந்தது. ஆயினும் மனைவி, கணவர், பெற்றோர், பிள்ளைகள், பணியாளர் ஆகியோருக்கு அவ்விதியே விலக்கு அளித்தது. குடும்பத்தின் கதவை அடைக்க அன்றைய கடுஞ்சட்டமும் துணியவில்லை. 1983 இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் வெளியிட்ட புதிய தொகுப்பில் அத்தகைய விலக்கி வைத்தலே இடம்பெறவில்லை. ஒரே ஆண்டில், அங்கே உறவுத் துண்டிப்பு திரும்பி வந்தது. இங்கே அதன் இறுதிச் சுவடு நீங்கியது. நன்றி கூற வேண்டிய செய்தி இது.

ஆனால் சட்டம் மாறுவதும் மனம் மாறுவதும் ஒன்றல்ல. அதே தொகுப்பின் 702 ஆம் எண், துறவற சபையை விட்டு நீங்குவோர் தாம் செய்த பணிக்கு எதுவும் உரிமையாகக் கோர இயலாது என்கிறது; உடனே, சபையானது அவர்களிடம் நேர்மையோடும் நற்செய்திக்குரிய அன்போடும் நடந்துகொள்ள வேண்டும் என்றும் கட்டளையிடுகிறது. இரண்டாம் பகுதி எத்துணை நிறைவேறுகிறது? 2020 பிப்ரவரியில் துறவியருக்கான பேராயத்தின் தலைவர் கர்தினால் ஜோவோ பிராஸ் டி அவிஸ் வெளியிட்ட செய்தி நம்மை நாணச் செய்தது. சபைகளை விட்டு நீங்கி, வெளிநாட்டில் கைவிடப்பட்டு நின்ற முன்னாள் கன்னியருக்காகத் திருத்தந்தை பிரான்சிஸ் உரோமையில் ஓர் இல்லம் திறக்க நேர்ந்தது என்பதே அச்செய்தி. நம் திருச்சபையின் தலைநகரிலேயே ஓர் அடைக்கல நகரம் தேவைப்பட்டிருக்கிறது!

அவ்வளவு தொலைவுக்குப் போவானேன்? பல்லாண்டுகளுக்கு முன் நம் பொறுப்பிலிருந்த பங்கு ஒன்றில், கன்னியர் மடத்தை விட்டு நீங்கிய மகள் ஒருத்தி தாய்வீடு திரும்பினாள். பதினைந்து ஆண்டுகள் குழந்தைகளுக்குக் கற்பித்தவள். ஊரார் அவளை வையவில்லை, ஒதுக்கவும் இல்லை. பேசத்தான் இல்லை. கோவிலில் அவள் அமர்ந்த பெஞ்சில் இடமிருந்தும் எவரும் அமரவில்லை. ஊர்க்கட்டுப்பாடு போடுவதற்குத்தான் நாட்டாண்மை வேண்டும். இதற்கு எவரும் வேண்டியதில்லை. அவள் வீட்டுக்கு ஒருமுறை போய்வர வேண்டும் என்று நாமும் எண்ணினோம். திருவிழா வேலை, கட்டட வேலை என்று நாள்கள் கடந்தன. ஆறு மாதம் கழித்துப் போனபோது வீடு பூட்டியிருந்தது. வேலை தேடி வேற்றூருக்குப் போய்விட்டாள் என்றார் அடுத்த வீட்டு மூதாட்டி. "சாமி வருவீங்க வருவீங்கன்னு அவுக அம்மா சொல்லிக்கிட்டே இருந்தாக" என்று அவர் கூறிய சொல் இன்றும் நம் நெஞ்சில் முள்ளாய் நிற்கிறது.

அவளை நாம் விலக்கவில்லை. ஆனால் அவள் வருவதற்கான வழியைச் செம்மைப்படுத்தவும் இல்லை. காணாமற்போன மகனின் உவமையில், தந்தை தொலைவிலேயே அவனைக் கண்டுகொண்டார் என்கிறார் இயேசு. எப்படிக் கண்டார்? அவர் கண் வழியின்மேல் இருந்தது. மகன் தம் சொற்களை ஒப்புவித்து முடிக்கும் முன்னரே தந்தை ஓடினார். எதனை நம்புகிறாய் என்று கேட்டுவிட்டு ஓடவில்லை.

நம் குடும்பங்களிலும் பங்குகளிலும் விலகிச் சென்றோர் உண்டு. வேறு சபைக்குப் போனவர், குருத்துவத்தை விட்டவர், நம்பிக்கையே இழந்தவர் எனப் பலர். அவர்கள் திரும்பி வந்தால்தான் பேசுவோம் என்று காத்திருக்க வேண்டியதில்லை. எந்த ஊரில் இருக்கிறார்கள் என்று விசாரித்து, இந்த மாதமே ஒரு கடிதம் எழுதுவோம். முடிந்தால் நேரில் செல்வோம். பூட்டிய கதவின்முன் நிற்கும் நாள் வருமுன் செல்வோம்.