இரண்டாயிரம் ரூபாயும் குத்தகை விவசாயியும்

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே அமைந்த தீவு ஸ்ரீரங்கம். அதைச் சுற்றியுள்ள திருச்சி மாவட்டக் கிராமங்களில் நெல், வாழை, வெற்றிலை, பூ எல்லாம் விளைகின்றன. 2020 மார்ச் 25 அன்று கொரோனா ஊரடங்கு தொடங்கியது. நெல்லை மூட்டை கட்டி வைக்கலாம். பூவையும் வாழை இலையையும் எத்தனை நாள் வைப்பது? கோயில்கள், கல்யாண மண்டபங்கள், ஓட்டல்கள் எல்லாம் ஒரே சமயத்தில் மூடப்பட்டன. தமிழகத்தின் பெரிய கோயில்களில் பக்தர்கள் மறுபடி அனுமதிக்கப்பட்டது அவ்வாண்டு செப்டம்பர் 1 முதல்தான்.

அறிவிப்பு

மார்ச் 26 அன்று மத்திய நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் 1.70 லட்சம் கோடி ரூபாய் நிவாரணத் திட்டத்தை அறிவித்தார். (இவர் திருச்சி சீதாலட்சுமி ராமசாமி கல்லூரியில் படித்தவர்.) அதன்படி 8.7 கோடி விவசாயிகளின் வங்கிக் கணக்கில் ஏப்ரல் முதல் வாரத்தில் தலா 2000 ரூபாய் செலுத்தப்படும் என்றார்.

ஆனால் இது புதிய பணம் அல்ல. 2019 பிப்ரவரியில் தொடங்கிய பிஎம் கிசான் திட்டத்தில் ஆண்டுக்கு 6000 ரூபாய் மூன்று தவணைகளாக ஏற்கெனவே வந்துகொண்டிருந்தது. அதில் ஒரு தவணைதான் முன்கூட்டியே கொடுக்கப்பட்டது.

யார் விவசாயி?

இத்திட்டத்தின்படி, பட்டாவில் பெயர் உள்ளவரே விவசாயி. குத்தகைக்கு உழுபவருக்குப் பணம் கிடையாது. கோயில், மடம், அறக்கட்டளை போன்ற அமைப்புகளின் நிலத்துக்கும் கிடையாது. காவிரிக் கரையில் இப்படிப்பட்ட நிலங்கள் ஏராளம். ஆக, கோயில் நிலத்தில் வாழை போட்டு நஷ்டப்பட்டவருக்கு ஒரு ரூபாயும் வரவில்லை. நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு வெளியூரில் இருப்பவருக்கோ, மற்றத் தகுதிகள் இருந்தால், 2000 ரூபாய் வந்து சேர்ந்தது.

உழுபவரைச் சட்டம் அறியாமல் இல்லை. 1955-இல் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வாரத்துக்கு உழுபவர்களுக்காக 1958-இல் திருச்சிராப்பள்ளியின் பெயரிலேயே கையேறுவாரம், மாட்டுவாரம் சட்டம் இயற்றப்பட்டது. குத்தகை உரிமையைப் பதிவு செய்ய 1969-இல் தனிச் சட்டமும் வந்தது. இருந்தும் பல குத்தகைகள் வாய்ப்பேச்சாகவே தொடர்கின்றன. பதிவு செய்தால் நிலம் கைவிட்டுப் போகும் என்று உரிமையாளர் அஞ்சுவதே இதற்கு முக்கியக் காரணம். முறையாகப் பதிவு செய்தவருக்கும் கூட பிஎம் கிசானில் இடமில்லை என்பதுதான் வேதனை.

இன்னொரு பக்கம்

விண்ணப்பத்தை எளிதாக்க இணையத்தில் சுயபதிவு வசதி தரப்பட்டது. இடைத்தரகர்கள் அதைப் பயன்படுத்திக்கொண்டனர். தமிழகத்தில் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட தகுதியற்றவர்கள் சேர்க்கப்பட்டு, சுமார் 110 கோடி ரூபாய் முறைகேடு நடந்தது 2020 ஆகஸ்ட், செப்டம்பரில் வெளிவந்தது. சிபிசிஐடி விசாரித்தது. உழுதவர் வெளியே நிற்க, உழாதவர் உள்ளே புகுந்தார்.

குத்தகை விவசாயிக்குக் கிடைத்தது என்ன? அரிசி குடும்ப அட்டைக்கு மாநில அரசு 2020-இல் தந்த 1000 ரூபாயும், 2021-இல் இரண்டு தவணையாகத் தந்த 4000 ரூபாயும்தான். அதுவும் விவசாயி என்பதற்காக அல்ல, அட்டை இருந்ததால்.

வேறு வழி இருந்ததா?

இருந்தது. ஒடிசாவின் காலியா திட்டம் வாரத்துக்கு உழுபவர்களையும் சேர்த்துக்கொண்டது. ஆந்திராவின் ரைது பரோசா குத்தகை விவசாயிகளில் ஒரு பகுதியினருக்குப் பணம் தந்தது. இரண்டுமே கொரோனாவுக்கு முன் 2019-இலேயே நடைமுறைக்கு வந்துவிட்டவை.

2020 ஜூன் 12 அன்று, எட்டு ஆண்டுகளுக்குப் பின் முதல் முறையாக, மேட்டூர் அணை வழக்கமான தேதியில் திறக்கப்பட்டது. அந்தத் தண்ணீர் பட்டா நிலத்துக்கும் குத்தகை நிலத்துக்கும் ஒன்றாகவே பாய்ந்தது. நிவாரணப் பணம் அப்படிப் பாயவில்லை. அடுத்த பேரிடர் வரும்முன், நிலம் யாருடையது என்ற பதிவேட்டோடு, அதில் பயிர் செய்பவர் யார் என்ற பதிவேடும் தயாராக இருக்க வேண்டும். உதவித் திட்டங்களும் அதைப் பார்த்தே வகுக்கப்பட வேண்டும்.