திரைக்கதையும் பெண்மணிகளும்

பழவங்காடிப் பிள்ளையாரை வணங்கி இம்மலரில் ஒரு சிறு வரலாற்றை வரையத் துணிகின்றோம்.

நாம் குடியிருக்கும் இத்திருவனந்தபுரத்தில், காபிடல் கொட்டகையில், 1930ஆம் ஆண்டை ஒட்டி ஒரு மௌனப்படம் திரையிடப்பெற்றது. அகஸ்தீசுவரத்தைச் சேர்ந்த ஜே. சி. டேனியல் எடுத்த ‘விகதகுமாரன்’ என்னும் அதுவே முதல் மலையாளப் படம். அதில் நாயர் குலப் பெண்ணாக நடித்தவர் பி. கே. ரோசி. ‘தாழ்த்தப்பட்ட குலத்திற் பிறந்தவள் இவ்வேடம் தாங்குவதா?’ என்று வெகுண்டோர் அவரை ஊரைவிட்டே துரத்தினர். நாகர்கோயில் சென்று, நடிப்பைத் துறந்து வாழ்ந்து மறைந்தார் அவர். அவருக்காகப் பேசத் திரையுலகப் பெண்களின் சங்கம் எதுவும் அன்று இல்லை.

தமிழகத்தில் வை. மு. கோதைநாயகி அம்மாளுக்கோ ஒரு தோழி வாய்த்தாள். ஐந்து வயது கடந்ததும் மணமுடிக்கப்பெற்ற அம்மையாருக்குக் கதை புனையத் தெரியும், எழுதத் தெரியாது. அவர் சொல்லச் சொல்லத் தோழி பட்டம்மாள் எழுதினார். ‘இந்திரமோகனா’ நாடகம் அவ்வாறே பிறந்தது. பின்னர் எழுதக் கற்ற அம்மையார், 1925 முதல் ‘ஜகன்மோகினி’ இதழை நடத்தி, நூற்றுக்கு மேற்பட்ட நாவல்களை இயற்றினார். அவருடைய ‘அநாதைப் பெண்’ 1938இல் திரைப்படமாயிற்று. அவர் மறைந்தபின் 1966இல் வந்த ‘சித்தி’யும் அவர் கதையே.

1931இல் வெளிவந்த ‘காளிதாஸ்’ படத்தின் நாயகி டி. பி. ராஜலட்சுமி, 1936இல் ‘மிஸ் கமலா’ படத்திற்குத் தாமே கதை எழுதித் தாமே இயக்கினார். பிறர் வசனத்தை ஒப்பித்து வந்தவர், தம் சொல்லைத் தாமே எழுதிக்கொண்டார்.

2017இல் ஒரு நடிகைக்கு நேர்ந்த கொடுமைக்குப் பின், மலையாளத் திரையுலகப் பெண்கள் தமக்கென ஓர் அமைப்பை நிறுவினர். அவர்களது முறையீட்டின்பேரில் அரசு நீதிபதி ஹேமா குழுவை அமைத்தது. 2019இல் அளிக்கப்பெற்ற அறிக்கை 2024இல்தான் வெளியாயிற்று. அவ்வமைப்பினர் தொடங்கிய திரைப்படக் கழகத்திற்கு இட்ட பெயர் ரோசியின் பெயரே!

இவற்றால் நாம் அறிவது யாது? பெண்ணின் கதையைப் பெண் எழுத வேண்டும். அவளுக்குத் துணையும் வேண்டும். நம் காலனி நாடகங்களில் குழாயடிச் சண்டையைக் காட்டிச் சிரிக்க வைத்தோம். பேறுகாலத்திலும் நோயிலும் அடுத்த வீட்டு அம்மாள் வந்து துணை நின்றதைக் காட்டினோமில்லை. எழுதியவர்கள் ஆண்களாகிய நாமே அன்றோ!

வரும் ஆண்டு விழா நாடகத்தை நம் சகோதரிகள் கூடி இயற்றட்டும். ஒருவர் சொல்ல மற்றவர் எழுதட்டும். படியெடுக்கும் பணியை நாம் ஏற்றுக்கொள்கின்றோம்.

வாழ்க தமிழ்!