பல்லைப் பிணைத்த பொன்னிழை

அந்துலூஸின் மருத்துவ மேதை அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவி (மறைவு: சுமார் கி.பி. 1013) அவர்களை அறுவை மருத்துவத்தின் முன்னோடியாக நாம் போற்றுகிறோம். ஆயினும் ஈறு நோய்க்கும் ஆடும் பற்களுக்கும் அவர் வகுத்த சிகிச்சைகள் நம்மிடையே அதிகம் பேசப்படுவதில்லை. அவற்றுள் ஒரு குறிப்பு மார்க்கச் சட்டத்தையும் தொடுகிறது.

குர்துபாவை அடுத்த மதீனத்துஸ் ஸஹ்ரா அவரது ஊர். அவர் கி.பி. 1000 அளவில் நிறைவு செய்த 'கிதாபுத் தஸ்ரீஃப்' 30 பகுதிகளைக் கொண்டது. இறுதிப் பகுதி அறுவை மருத்துவம். பற்களில் படியும் காரை ஈறுகளைக் கெடுக்கும் என்பதை அவர் அதில் தெளிவாகக் கூறுகிறார். நோயாளியின் தலையை மடியில் இருத்திக் காரையைச் சுரண்ட வேண்டும். ஒரே நாளில் நீங்காவிடில் மறுநாளும் அதற்கடுத்த நாளும் தொடர வேண்டும் என்கிறார். இதற்கென வெவ்வேறு வடிவிலான 14 சுரண்டிகளை வரைந்தும் காட்டுகிறார். ஈறில் மிகையாக வளரும் சதையைக் கொக்கியால் பற்றி அடியோடு அறுக்கவும், மீண்டும் வளர்ந்தால் அறுத்துச் சூடிடவும் பணிக்கிறார். பல்லைப் பிடுங்குவது அவரிடம் கடைசி வழியே. வலி நோயாளியை ஏமாற்றி நல்ல பல்லையே காட்டச் செய்யும் என்று எச்சரிக்கிறார்.

ஆடும் பற்களை உறுதியான பற்களோடு இழையால் பிணைக்கும் முறையையும் அவர் விளக்குகிறார். அவ்விழை பொன்னாக இருப்பதே சிறந்தது. வெள்ளி சில நாட்களில் களிம்பேறிக் கெடும், பொன்னோ மாறாது என்பது அவரது கூற்று.

இங்கேதான் சட்ட அறிஞர்களின் விவாதம் நினைவுக்கு வருகிறது. ஆண்களுக்குப் பொன் அணிவது விலக்கப்பட்டது. ஆனால், குலாப் போரில் மூக்கை இழந்த அர்ஃபஜா (ரலி) அவர்கள் பொருத்திய வெள்ளி மூக்கு துர்நாற்றமடித்தபோது, பொன் மூக்கு பொருத்துமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். இதனை அபூதாவூத், திர்மிதீ ஆகியோர் பதிவு செய்துள்ளனர். அறிஞர்கள் பலர் தம் பற்களைப் பொன்னால் கட்டியிருந்ததையும், இந்த ஹதீஸ் அவர்களுக்கு ஆதாரமாவதையும் இமாம் திர்மிதீ (ரஹ்) குறிப்பிடுகிறார். இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களோ, பல்லுக்கு வெள்ளியே போதும் என்பதால் பொன்னை அனுமதிக்கவில்லை. அவர்தம் மாணவர் இமாம் முஹம்மத் (ரஹ்) அனுமதித்தார்.

இருவரும் தேவையின் அளவே அனுமதி என்ற விதியை ஏற்றவர்கள். வாயினுள் வெள்ளி தாங்குமா என்பதிலேயே வேறுபாடு எழுந்தது. அது அனுபவத்தால் அறிய வேண்டிய செய்தி. ஸஹ்ராவியின் குறிப்பு அதற்கொரு மருத்துவரின் சாட்சியம்.

12ஆம் நூற்றாண்டில் கிரிமோனா ஜெரார்டு டொலேடோவில் இந்நூலின் அறுவைப் பகுதியை இலத்தீனில் பெயர்த்தார். இன்று ஈறைத் திறந்து வேர்வரை காரையை அகற்றுகின்றனர். ஆடும் பற்களைத் துருவேறா எஃகுக் கம்பியாலும் பிசினாலும் பிணைக்கின்றனர். பொன்னின் தேவை குறைந்துவிட்டது. விதி மாறவில்லை, மாற்றுப் பொருள் போதுமா என்பதை மட்டும் பல் மருத்துவரிடம் கேட்டறிந்தே நாம் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.