ஒரே உலை, மூன்று மூடிகள்

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், ஈரி ஏரிக்கரையில் இருக்கிறது டேவிஸ்-பெஸ்ஸி அணுமின் நிலையம். 1977இல் முதன்முதலாக இயங்கிய அந்த உலையின் மூடி சுமார் 17 செ.மீ. கனமுள்ள எஃகு. உலைநீர் படும் உள்பக்கத்தில் மட்டும் ஒரு செ.மீ. அளவுக்குத் துருப்பிடிக்காத எஃகை வெல்டிங் செய்து படியவைத்திருந்தார்கள். மூடியைத் துளைத்துச் செல்லும் குழாய்கள் 69. பெரும்பாலானவற்றின் வழியே உலையைக் கட்டுப்படுத்தும் தண்டுகள் இறங்கும்.

குழாய்கள் அலாய் 600 என்ற நிக்கல் கலவை. குரோமியம் சுமார் 15 சதவீதம். அரிப்பைத் தாங்கும் என்று நம்பித் தேர்ந்தது. வெல்டிங்கின்போது உள்ளே தங்கிவிட்ட இழுவிசையும் 300 டிகிரி செல்சியஸ் வெந்நீரும் ஆண்டுக்கணக்கில் சேர்ந்து தாக்கியதில் அதில் மயிரிழை விரிசல் விழுந்தது. நியூட்ரான்களை விழுங்குவதற்காக உலைநீரில் போரிக் அமிலம் கலந்திருக்கும். விரிசல் வழியே கசிந்த நீர் ஆவியானது. செறிந்து நின்ற அமிலம் மூடியின் எஃகைக் கரைக்கத் தொடங்கியது.

அறிகுறிகளுக்குக் குறைவில்லை. 1999 முதல் உலைக்கூடத்தின் காற்றைச் சோதிக்கும் கருவிகளில் துருத்தூள் வடிகட்டிகளை அடைத்தது. வடிகட்டியை மாற்றிவிட்டு உலையை ஓட்டினார்கள். 2000இல் மூடியின் மேல் அமிலப் படிவு செந்நிறமாக வழிந்திருந்தது. மறு ஆண்டு, ஒக்கோனி என்ற வேறோர் அணுமின் நிலையத்தின் குழாய்களில் விரிசல் தெரிந்ததும், டிசம்பருக்குள் சோதிக்கச் சொன்னது அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம். டேவிஸ்-பெஸ்ஸியை நடத்திய நிறுவனம் 2002 பிப்ரவரி வரை அவகாசம் வாங்கியது.

மார்ச்சில் மூன்றாம் எண் குழாயைப் பழுதுபார்க்கும்போது அது சாய்ந்தது. படிவை அகற்றிப் பார்த்தால், மூடியின் எஃகு முழுக் கனத்துக்கும் கரைந்து குழியாகிக் கிடந்தது. வளிமண்டலத்தைப்போல் ஏறக்குறைய 150 மடங்கு அழுத்தத்தை அந்த இடத்தில் தாங்கியிருந்தது ஒரு செ.மீ. துருப்பிடிக்காத எஃகு மட்டுமே. அதுவும் புடைத்திருந்தது.

இரண்டாவது மூடி மிச்சிகனிலிருந்து வந்தது. கட்டிமுடிக்காமல் 1984இல் கைவிட்ட மிட்லாண்ட் நிலையத்துக்காகச் செய்து, உலைநீரையே காணாமல் கிடந்தது அது. அதைப் பூட்டி, 2004இல் உலையை மீண்டும் ஓட்டினார்கள். குழாய்கள் அதே அலாய் 600. 2010இல் அவற்றிலும் விரிசல்.

2011இல் மூன்றாவது மூடி ஏறியது. குழாய்கள் இப்போது அலாய் 690. குரோமியம் சுமார் 30 சதவீதம். உலோகம் மாறியது சரியான முடிவு. ஆனால் முதல் மூடியின் கதையில் உலோகத்தைவிடப் பெரிய குற்றவாளி, வடிகட்டியில் படிந்த துரு எங்கிருந்து வருகிறது என்று தேடிப்போகாத நிர்வாகம்தான். 2005இல் அந்த நிறுவனத்துக்கு ஆணையம் 54.5 லட்சம் டாலர் அபராதம் விதித்தது.