வேலன் ஆடிய வீடு

திருவாதவூர்னு சொன்னதும் உங்களுக்கு யார் ஞாபகத்துக்கு வருவார்? மாணிக்கவாசகர்தானே? மதுரையிலிருந்து மேலூர் பக்கம் போகிற எல்லாருக்கும் அவர்தான். நரி பரியானது, பரி மறுபடி நரியானது, சுடுமணலில் நின்றது என்று அமானுஷ்யத்துக்குப் பஞ்சமே இல்லாத ஊர். ஆனால் இன்றைக்கு நான் சொல்ல வந்தது அவரைப் பற்றி இல்லை. அவருக்குப் பல நூறு வருஷம் மூத்த இன்னொரு ஊர்க்காரர், கபிலர். கபிலர் பிறந்தது திருவாதவூர் என்று பெரும்பற்றப்புலியூர் நம்பியின் திருவிளையாடற் புராணம் சொல்கிறது. புராணம் சொல்வதைச் சரித்திரமாக எடுத்துக்கலாமா என்று பண்டிதர்கள் சண்டை போடட்டும். எங்க பக்கத்து ஆளுங்க விட்டுக்கொடுக்க மாட்டாங்க, நானும்தான் :-)

கபிலர் இப்போ எதுக்கு? அக்கா மகள் ஒரு ஆங்கில நாவல் படித்துக்கொண்டிருந்தாள். ஏய்டன் தாமஸ் எழுதின 'செமட்டரி பாய்ஸ்', 2020ல் வந்தது. ஒரு திருநம்பிப் பையன். அவனைப் பையனாக ஏற்றுக்கொள்ள அவன் வீட்டுக்குத் தயக்கம். தன்னை நிரூபிக்க ஒரு ஆவியைக் கூப்பிடுகிறான். தப்பான ஆவி வந்துவிடுகிறது, அதுவும் இவன் வயசுப் பையன், போகவும் மாட்டேன் என்கிறது. அப்புறம் என்ன, காதல்தான். "தமிழ்ல இப்படி ஏதாவது இருக்கா மாமா?" என்று கேட்டாள். நான் பெருமையாக 'காஞ்சனா' என்றேன். 2011, ராகவா லாரன்ஸ் படம், திருநங்கை ஆவியாக சரத்குமார், பேய் வீடு எல்லாம் இருக்கே! "அதுல காதல் எங்க மாமா இருக்கு, பழிவாங்கல்தானே இருக்கு" என்றாள். வாயை மூடிக்கொண்டேன். அன்றைக்கு ராத்திரி படுத்தபிறகுதான் கபிலர் ஞாபகத்துக்கு வந்தார்.

சங்கப் பாட்டில் 'வெறியாட்டு' என்று ஒரு சமாச்சாரம் உண்டு. பள்ளிக்கூடத்தில் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். ஆனால் கொஞ்சம் நின்று பார்த்தால் அசல் பேய்க் கதை அது. ஒரு கல்யாண வயசுப் பெண். சாப்பிட மாட்டேன் என்கிறாள், தூங்க மாட்டேன் என்கிறாள், வளையல் கழன்று விழுகிற அளவுக்கு இளைத்துவிட்டாள். அம்மாவுக்குப் பயம். ஊர்க் கிழவிகளைக் கூப்பிட்டுக் கேட்கிறாள். அவர்கள் முறத்தில் நெல்லைப் பரப்பிக் குறி பார்க்கிறார்கள். இன்னொரு பக்கம் வேலன் வருகிறான், கழங்குக் காயை உருட்டிப் பார்த்து, "முருகு அணங்கியிருக்கு" என்கிறான். அதாவது தெய்வம் பிடித்திருக்கிறது. உடனே வீட்டு முற்றத்தில் மணல் பரப்பிக் களம் போடுகிறார்கள். பூ, புகை, செந்தினை. ஆட்டுக்குட்டி ஒன்று பாவம் உயிரை விடும். ரத்தத்தோடு தினையைத் தூவி, நடுராத்திரியில் வீடே அதிர வேலன் ஆடுவான்.

நிஜத்தில் அவளுக்கு ஒன்றும் பிடிக்கவில்லை. மலைநாட்டுக்காரன் ஒருத்தனை அவளுக்குப் பிடித்திருக்கிறது, அம்புட்டுதான். வாசகனுக்குத் தெரியும், அவளுக்குத் தெரியும், தோழிக்குத் தெரியும். வீட்டுக்குத்தான் தெரியாது.

இதைப் பாடுவதற்கென்றே பேர் வாங்கினவர் ஒருவர் உண்டு: வெறிபாடிய காமக்கண்ணியார். அகநானூறு 22ஆம் பாட்டு அவருடையது. இங்கே முற்றத்தில் வெறியாட்டு தூள் பறக்கிறது, அதே ராத்திரியில் காவலையெல்லாம் தப்பி அவன் வந்து சேர்கிறான். வேலன் யாரை விரட்டுவதற்காக ஆடினானோ, அவனால்தான் நோய் தீருகிறது. அந்தப் பெண் தனக்குள் சிரித்துக்கொள்கிறாள்! 'அணங்கு' என்ற சொல்லை அந்தப் பாட்டில் கவனிக்க வேண்டும். அவன் வருகிற மலையிலும் அணங்கு, அவன் மார்பு இவளுக்குக் கொடுத்த வருத்தமும் அணங்கு. பேய்க்கும் காதலுக்கும் ஒரே வார்த்தை போட்டு வைத்திருக்கிறார்கள். அம்மாவுக்குக் குழப்பம் வந்தால் அம்மாவை மட்டும் குத்தம் சொல்லி என்ன பிரயோஜனம்.

கபிலருக்கும் இதில் பெரிய பங்கு இருக்கிறது. ஐங்குறுநூற்றில் குறிஞ்சி நூறும் அவர் பாடினது. அதில் 241லிருந்து 250 வரை பத்துப் பாட்டுக்கு 'வெறிப்பத்து' என்றே பேர். வேலனை நிற்க வைத்துத் தோழி கிண்டல் பண்ணுகிற பாட்டுகள். அப்புறம் குறிஞ்சிப்பாட்டு, 261 அடி. 99 பூ வருகிற பாட்டு என்றுதான் நமக்கெல்லாம் பழக்கம் (நானும் பத்தாம் வகுப்பில் மனப்பாடம் பண்ண முயன்று இருபதாவது பூவில் கவிழ்ந்தவன்). அது தொடங்குகிற இடத்தைப் பாருங்கள். மகளுக்கு என்னவோ ஏதோ என்று தாய் பல தெய்வங்களுக்குப் பூத்தூவிப் புகை காட்டிக் கும்பிட்டு ஓய்ந்துபோயிருக்கிறாள். அப்போது தோழி வந்து உண்மையை உடைக்கிறாள்: இது நோய் இல்லை, இன்னார் மேல் இவளுக்கு விருப்பம், நடந்தது இதுதான். இதற்கு 'அறத்தொடு நிற்றல்' என்று பேர் வைத்தார்கள். காதலைச் சொல்வதற்கு அறம் என்று பேர்! இலக்கணக்காரர்கள் மேல் எனக்கு மரியாதை வந்த இடம் இதுதான்.

வீட்டில் பேய் இல்லை. பெரியவர்களுக்குப் பேர் தெரியாத ஒன்று இருக்கிறது, அதற்கு அவர்களிடம் இருக்கிற ஒரே பேர் பேய். யாராவது ஒருத்தர் சரியான பேரைச் சொன்னால் வெறியாட்டு நின்றுவிடும்.

ஆனால் மலைநாட்டுக்காரனுக்குப் பதிலாக அங்கே இன்னொரு பெண் இருந்தால்? தோழி எந்தப் பேரைச் சொல்வாள்? அல்லது அந்தத் தோழியே அவளாக இருந்தால்? அவளைவிடத் தலைவிக்கு நெருக்கம் யார்? அத்தனை அகப்பாட்டிலும் தோழி பேசிக்கொண்டே இருக்கிறாள், தன்னைப் பற்றி மட்டும் பேசுவதில்லை.

அப்படி ஒரு கதையை ஐரோப்பாவில் 1872லேயே எழுதிவிட்டார்கள். ஷெரிடன் லெ ஃபானு என்ற அயர்லாந்துக்காரரின் 'கார்மில்லா'. டிராகுலாவுக்கு 25 வருஷம் முந்தியது. ஆஸ்திரியாவில் ஒரு தனிமையான கோட்டை வீடு, பத்தொன்பது வயசு லாரா, விருந்தாளியாக வந்து தங்குகிற கார்மில்லா. இருவருக்கும் நடுவே என்ன என்று லாராவுக்கே பேர் தெரியவில்லை, ஈர்ப்பும் பயமும் கலந்து வருகிறது. இளைக்கிறாள். டாக்டர் வருகிறார், தன் சந்தேகத்தை அப்பாவிடம் மட்டும் தனியாகச் சொல்கிறார், லாராவிடம் சொல்லவில்லை. கடைசியில் பெரியவர்கள் கூடி, கார்மில்லா ரத்தக்காட்டேரி என்று முடிவு கட்டி, கல்லறையைத் தோண்டி ஆப்பு அடித்து எரிக்கிறார்கள். அந்தக் கதையில் அவள் நிஜமாகவே காட்டேரிதான், நான் மறுக்கவில்லை. ஆனால் பல வருஷம் கழித்தும் அந்தக் காலடிச் சத்தம் வாசலில் கேட்கிற மாதிரி லாராவுக்குத் தோன்றிக்கொண்டே இருக்கிறது என்றுதான் லெ ஃபானு முடித்திருக்கிறார். அங்கே அறத்தொடு நிற்க ஒரு தோழி இல்லை.

நம்ம பக்கம் ஆண்களுக்கு இந்தக் கஷ்டம் வேறு மாதிரி தீர்ந்தது. 'நட்பு' என்று ஒரு பெரிய கூடாரம் இருந்தது, அதற்குள் நிறைய அடங்கியது. கபிலரையே எடுத்துக்கொள்ளுங்கள். பாரி செத்தபிறகு அவன் மகள்களைக் கரை சேர்க்க அலைகிறார். புறநானூறு 236ல் பாரியிடம் கோபித்துக்கொள்கிறார், என்னை உன்கூட வரவிடாமல் விட்டுவிட்டுப் போய்விட்டாயே என்று. இந்தப் பிறவியில் சேர்த்த மாதிரி மறுபிறவியிலும் விதி நம்மைச் சேர்த்து வைக்கட்டும் என்று கேட்கிறார். அவர் தீப்புகுந்ததைத் திருக்கோவலூர் வீரட்டானேசுவரர் கோயிலில் உள்ள முதலாம் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டு சொல்கிறது. பெண்ணையாற்றில் கபிலக்கல் இன்னமும் நிற்கிறது.

இதைவிட அமானுஷ்யம் கோப்பெருஞ்சோழன் கதை. பிசிராந்தையார் நம்ம பாண்டிய நாட்டுக்காரர், சோழனை முன்னப்பின்னப் பார்த்ததே இல்லை. ராஜா வடக்கிருக்கும்போது "அவன் வருவான், இடம் வையுங்கள்" என்கிறான். இவர் போய்ச் சேர்கிறார், உயிரை விடுகிறார். பொத்தியார் என்று இன்னொருவர். மனைவி கர்ப்பமாக இருப்பதால் பிள்ளை பிறந்ததும் வா என்று ராஜா திருப்பி அனுப்பிவிடுகிறான். அவர் திரும்பி வரும்போது ராஜா நடுகல் ஆகிவிட்டான். கல்லைப் பார்த்து, "என் இடம் எது?" என்று கேட்கிறார். கல் இடம் கொடுத்தது என்று அடுத்த பாட்டு (223). புள்ளி வைத்துக் கோலம் போடுகிற மாதிரி இதற்கெல்லாம் இன்றைய பேரை ஒட்ட எனக்கு இஷ்டமில்லை, அவர்கள் தங்களை என்னவாக நினைத்தார்கள் என்பது நமக்குத் தெரிகிற விஷயம் இல்லை. ஆனால் அவர்களுக்காக யாரும் வேலனைக் கூப்பிடவில்லை. கூப்பிடவில்லை என்பது மட்டுமில்லை, கல் நட்டுக் கும்பிட்டார்கள்.

பெண்களுக்கு அந்தக் கூடாரம் இல்லை. வேலன் போய் கோடாங்கி வந்தார், கழங்கு போய் உடுக்கை வந்தது. தென்னாற்காடு பக்கம் பேயோட்டுவதை ஆராய்ந்து இசபெல் நபகோவ் 2000ல் ஒரு புத்தகம் எழுதினார். அங்கே பேய் அதிகம் பிடிப்பது புதுசாகக் கல்யாணமான பெண்களைத்தான். பிடிக்கிற பேய்களில் பல, காதல் கைகூடாமல் செத்துப்போன வாலிபர்கள். புருஷன் வீட்டில் ஒட்டாத பெண்ணை மறுபடி புருஷனோடு சேர்த்து வைப்பதுதான் அந்தச் சடங்கு செய்கிற வேலை என்கிறார். அந்தப் பெண்களில் யாருக்கு மனசு எங்கே இருந்தது என்று உடுக்கை கேட்டிருக்காது. கோடாங்கியைத் தாண்டிப் போனால் டாக்டர், மாத்திரை, மின் அதிர்ச்சி.

இனி மதுரை, 2021. ஒருத்திக்கு 22, இன்னொருத்திக்கு 20 வயசு. இரண்டு பேரும் காதலிக்கிறார்கள். வீட்டில் ஏற்கவில்லை. சென்னைக்குப் போகிறார்கள், தொண்டு நிறுவனம் ஒன்றும் தங்களைப் போன்றவர்களும் அடைக்கலம் கொடுக்கிறார்கள். இரண்டு வீட்டிலும் பெண்ணைக் காணோம் என்று போலீஸில் புகார். இவர்கள் பாதுகாப்புக் கேட்டு உயர்நீதிமன்றம் போனார்கள். வழக்கு நீதிபதி ஆனந்த் வெங்கடேஷிடம் வந்தது.

அவர் பெண்களையும் பெற்றோரையும் தனித்தனியாகப் பார்த்தார், வித்யா தினகரன் என்ற உளவியல் நிபுணரிடம் அனுப்பினார். அவர் கொடுத்த அறிக்கையில் பெற்றோர் சொன்னது ஒன்று வருகிறது: இன்னொரு பெண்ணோடு வாழ்வதைவிட மகள் காலம் பூராவும் தனியாக இருந்துவிட்டாலும் அதுதான் கவுரவம் என்று. இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் நான் எழுந்துவிட்டேன். கெட்டவர்கள் இல்லை. முற்றத்தில் மணல் பரப்பின அதே அம்மாதான்.

பிறகு நீதிபதி செய்ததுதான் எனக்கு வெறிப்பத்தை ஞாபகப்படுத்தியது. தனக்கே இந்த விஷயத்தில் புரிதல் போதாது என்று வெளிப்படையாக எழுதி, தனக்கும் அதே நிபுணரிடம் பாடம் கேட்கப் போனார். வேலனே கழங்கைக் கீழே வைத்துவிட்டு, "எனக்குத் தெரியலை, சொல்லிக்கொடுங்க" என்று உட்கார்ந்த மாதிரி! 2021 ஜூன் 7ல் உத்தரவு வந்தது. பாலீர்ப்பை மாற்றுகிறேன், குணப்படுத்துகிறேன் என்று செய்யும் எந்தச் சிகிச்சைக்கும் தடை, செய்கிறவர் உரிமத்தைப் பறிக்கலாம். மறு வருஷம் தேசிய மருத்துவ ஆணையமும் அதைத் தொழில்முறைத் தவறு என்று அறிவித்தது. அதே 2022ல் தமிழ்நாடு அரசு ஒரு சொற்பட்டியலை அரசிதழில் வெளியிட்டது, பால்புதுமையர் முதலான சொற்களோடு. தோழி சொல்லத் தேடியிருக்கக்கூடிய பேர்கள், அரசாங்க முத்திரையோடு.

காணோம் என்று புகார் வந்து, விசாரித்ததில் மனமொத்த வயசுவந்த இருவர் என்று தெரிந்தால், வாக்குமூலம் வாங்கிக்கொண்டு தொந்தரவு பண்ணாமல் புகாரை முடித்துவிட வேண்டும் என்று அந்த உத்தரவில் போலீஸுக்கும் ஒரு விதி இருக்கிறது. அக்கா மகளிடம் இத்தனையும் சொன்னேன். முழுசாகக் கேட்டுவிட்டு, "சரி மாமா, அந்தக் குறிஞ்சிப்பாட்டை எடுங்க, தோழி என்ன சொல்றானு பார்ப்போம்" என்றாள். உரையோடு இருக்கிற பதிப்பைத் தேடிக்கொண்டிருக்கிறேன், பரணில்தான் எங்கேயோ போட்டேன்.