விசில் வந்த கதை

2006 டிசம்பர். கத்தார் நாட்டின் தோஹா நகரில் ஆசிய விளையாட்டுப் போட்டி. பெண்கள் 800 மீட்டர் ஓட்டத்தில் புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியைச் சேர்ந்த சாந்தி வெள்ளி வென்றார். செங்கல் சூளைத் தொழிலாளர்களின் மகள். ஊரே கொண்டாடியது. ஆனால் சில நாட்களிலேயே, பாலினச் சோதனையைக் காரணம் காட்டி அந்தப் பதக்கத்தைப் பறித்துவிட்டார்கள்.

ஊர் திரும்பிய சாந்தி என்ன செய்தார் தெரியுமா? புதுக்கோட்டையில் ஏழைப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு ஓடக் கற்றுக்கொடுத்தார். நடுவில் 2012ல் மறுபடியும் செங்கல் சூளைக்கே கூலி வேலைக்குப் போக வேண்டிவந்தது. அப்புறமும் விடவில்லை. பயிற்சியாளர் படிப்பை முறையாக முடித்து, தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் தடகளப் பயிற்சியாளர் ஆனார்.

விளையாட்டு சொல்லித் தருவதற்கு ஒரு படிப்பு, ஒரு சான்றிதழ், ஒரு சம்பளம். இது நம் ஊருக்கு எப்போது வந்தது? என்றாவது யோசித்திருக்கிறீர்களா?

சிலம்பத்துக்கும் குஸ்திக்கும் நம்மிடம் ஆசான்கள் உண்டு. ஆனால் பள்ளிக்கூடத்தில் நிலைமை வேறு. வெள்ளைக்காரன் காலத்தில் அங்கே இருந்தவர் 'டிரில் மாஸ்டர்'. பெரும்பாலும் ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்றவர். 'அட்டென்ஷன்', 'லெஃப்ட் ரைட்', தப்பினால் பிரம்படி. அவ்வளவுதான் உடற்பயிற்சி!

இதை மாற்ற வந்தவர் ஓர் அமெரிக்கர். பெயர் ஹாரி குரோ பக். 1884ல் பிறந்தவர். அவர் படித்த இடம் சுவாரஸ்யமானது. அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிக் கல்லூரி. 1891 டிசம்பரில் அங்கேதான் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர், குளிர்காலத்தில் மாணவர்களை நாலு சுவருக்குள் விளையாட வைக்க வழி தேடினார். பீச் பழக்கூடைகள் இரண்டை உயரத்தில் மாட்டி, 13 விதிகள் எழுதினார். கூடைப்பந்து பிறந்தது! ஒய்.எம்.சி.ஏ. ஆட்கள் போன நாடுகளுக்கெல்லாம் அந்தப் பந்தும் கூடவே போனது.

அந்தப் பள்ளியில் தேறிய பக், 1919ல் சென்னை வந்து இறங்கினார். நினைத்திருந்தால் ஒரு நல்ல அணியைத் தயார் செய்து, நாலு கோப்பை வாங்கிக் கொடுத்துவிட்டு ஊருக்குக் கப்பல் ஏறியிருக்கலாம். அவர் போட்ட கணக்கு வேறு. நூறு வீரர்களை உருவாக்குவதைவிட, நூறு வாத்தியார்களை உருவாக்கினால்? 1920ல் சென்னையில் உடற்கல்விப் பள்ளியைத் தொடங்கினார். இன்று நந்தனத்தில் இருக்கும் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரிதான் அது. இந்தியாவில் அந்த வகையில் முதல் கல்லூரி. அங்கே படித்தவர்கள் ஊர் ஊராகப் போய்ப் பள்ளி மைதானங்களில் விசில் ஊதினார்கள். நாம் 'பி.டி. வாத்தியார்' என்று கூப்பிடுகிற மனிதர் இப்படித்தான் வந்தார்.

1924 பாரீஸ் ஒலிம்பிக்குக்குப் போன இந்திய அணிக்கு மேலாளரும் பக்தான். ஒரு பதக்கமும் கிடைக்கவில்லை. அதனால் என்ன? அவர் கடையைக் கட்டவில்லை. விளையாட்டு விதிகளைத் தொகுத்துப் புத்தகம் போட்டார். கூடைப்பந்தைக் கொண்டுவந்த கூட்டத்தைச் சேர்ந்தவர் என்றாலும் நம்முடைய ஆட்டங்களை ஒதுக்கவில்லை. அவற்றுக்கும் பாடத்தில் இடம் தந்தார். 1943ல் மறைந்தார். கால் நூற்றாண்டுக் காலம்! வேலை பார்க்க வந்த ஊரே அவருக்கு வாழ்க்கையாகிவிட்டது.

அவர் கிறிஸ்தவ இயக்கம் ஒன்றின் ஊழியராக வந்தவர்தானே என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். ஆனால் அவர் விட்டுப்போன கல்லூரியில் எல்லா மதத்துப் பிள்ளைகளும்தான் படித்தார்கள், படிக்கிறார்கள்.

இதை ஏன் இப்போது சொல்கிறேன்? வசதியான வீட்டுப் பிள்ளைக்குத் தனி கோச் கிடைப்பார், கிளப் கிடைக்கும், ஷூ கிடைக்கும். சூளையில் செங்கல் அறுக்கிறவர் வீட்டுப் பிள்ளைக்கு? காலில் வேகம் இருக்கிறது என்று முதலில் கண்டுபிடித்துச் சொல்ல, பள்ளிக்கூடத்து மைதானத்தை விட்டால் வேறு இடம் ஏது? அந்த மைதானத்தில் விசிலோடு ஒருவர் நிற்க வேண்டும். பக் செய்ததும் அதுதான், சாந்தி செய்வதும் அதுதான்.

இன்று சாயங்காலம் உங்கள் பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள். "இந்த வாரம் பி.டி. பீரியடில் என்ன விளையாடினே?" என்று. "இல்லப்பா, கணக்கு சார் எடுத்துக்கிட்டாரு" என்று பதில் வந்தால், 'நல்லதுதானே, போர்ஷன் முடியும்' என்று சந்தோஷப்படாதீர்கள். மறுநாளே பள்ளிக்குப் போய், அந்த ஒரு மணி நேரத்தைத் திருப்பிக் கேளுங்கள். உங்கள் பிள்ளைக்காக மட்டுமல்ல, பக்கத்து பெஞ்சில் ஷூ இல்லாமல் உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்காகவும்.