மானாமதுரைக் கடம் ஏறிய ராக் மேடை

மதுரையின் கோச்சடைப் பகுதியை ஒட்டி ஓடும் வைகை, நகரைக் கடந்து மானாமதுரைக்குப் போகிறது. அங்கே வனையும் கடத்துக்குக் கச்சேரி உலகில் தனி மரியாதை. வனைந்த பானையின் உள்ளே கல்லை அணைகொடுத்து, வெளியே மரப்பலகையால் ஆயிரக்கணக்கான தடவை தட்டித் தட்டிச் சுவரை ஒரே சீராக்குகிறார்கள். சுட்டபின் சுருதியைப் பெரிதாக மாற்ற முடியாது. அதனால் வித்வான்கள் சுருதிக்கு ஒரு கடம் வைத்திருப்பார்கள்.

இந்தக் கடத்தை ராக் ரசிகர்களிடம் கொண்டுபோனவர் ஒரு யார்க்‌ஷயர்காரர். கிதார் கலைஞர் ஜான் மெக்லாக்லின், 1971-ல் நியூயார்க்கில் மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ராவைத் தொடங்கினார். சிக்கலான தாளக்கணக்கு, செவியை அதிரவைக்கும் மின்கிதார். ப்ராக்ரஸிவ் ராக் ரசிகர்கள் கொண்டாடித் தீர்த்தார்கள். அவரோ அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் வீணை கற்கப் போனார். குரு, டாக்டர் எஸ். ராமநாதன், சிலப்பதிகார இசையை ஆராய்ந்தவர், மதுரை சத்குரு சங்கீத வித்யாலயத்தின் முதல்வராகவும் இருந்தவர்!

வீணையில் தந்தியை இழுத்துக் கமகம் பிடிப்பதுபோலக் கிதாரிலும் பிடிக்க ஆசைப்பட்டார் மெக்லாக்லின். மெட்டுகளுக்கு நடுவே மரத்தைக் குடைந்து, குறுக்கே ஏழு அனுதந்திகளும் பூட்டிய கிதார் அவருக்காகவே உருவானது.

அந்தப் பாதையில் பிறந்ததுதான் ‘சக்தி’ குழு. 1975-ல் அமெரிக்காவின் லாங் ஐலண்டில் வாசித்த கச்சேரியே முதல் ஆல்பமானது. எல். சங்கர் வயலின், ஜாகிர் உசேன் தபலா, விக்கு விநாயக்ராம் கடம். மிருதங்கத்துக்கு, வெஸ்லியனில் கற்பித்த ராம்நாடு ராகவன். எனக்கு மிகவும் பிடித்த திருப்பம் இதற்குப் பிறகு வருகிறது. ராகவன் விலகியதும் மிருதங்கமே இல்லாமல் போனது. நம் கச்சேரிகளில் உபபக்கவாத்தியமாகப் பின்வரிசையில் இருக்கும் கடம், அங்கே தபலாவுக்குச் சமமாக முன்னால் வந்து உட்கார்ந்தது. தனியாவர்த்தனம் என்றால் என்னவென்றே அறியாத கூட்டம், பானையில் எழுந்த நாதத்துக்குக் கைதட்டியது.

மூன்று ஆல்பங்களோடு குழு கலைந்தது. கடம் நிற்கவில்லை. கிரேட்ஃபுல் டெட் ராக் குழுவின் டிரம்மர் மிக்கி ஹார்ட் 1991-ல் வெளியிட்ட ‘பிளானட் டிரம்’ ஆல்பத்தில் விநாயக்ராம் வாசித்தார். உலக இசைக்கான முதல் கிராமி விருது அதற்குத்தான். 1997-ல் ‘ரிமெம்பர் சக்தி’ என்று குழு மறுபடி கூடியது. பிறகு விநாயக்ராம் இடத்துக்கு அவர் மகன் செல்வகணேஷ் கஞ்சிராவும் கடமுமாக வந்தார்.

வனைந்த கைகளுக்குப் பெயர் கிடைக்கத்தான் நாளாகிவிட்டது. கடம் செய்த மீனாட்சி அம்மாளுக்குச் சங்கீத நாடக அகாதமி விருது வந்தது. 2023-ல் மானாமதுரை மண்பாண்டங்கள் புவிசார் குறியீடு பெற்றன. 2024 பிப்ரவரியில் ‘சக்தி’யும் கிராமி வாங்கியது.